திரும்பிப் பார் சிவா!

"திரும்பிப் பார் சிவா, படி!"

இதுதான் கேள்வி. விடை இரண்டே எழுத்து.

பேப்பரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு நிமிஷம் யோசியுங்கள். பக்கத்தில் பையனோ பெண்ணோ இருந்தால் அவர்களையும் கேளுங்கள். விடையைப் பிறகு சொல்கிறேன். கட்டுரையின் அடியில் இருக்கிறதா என்று இப்போதே கண்ணை ஓட்ட வேண்டாம். அங்கே இல்லை!

குறுக்கெழுத்துப் புதிர் எல்லோருக்கும் தெரியும். கட்டம் கட்டமாக இருக்கும். சில கட்டம் வெள்ளை, சில கட்டம் கறுப்பு. "இடமிருந்து வலம்", "மேலிருந்து கீழ்" என்று குறிப்புகள் இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து.

இந்தக் குறிப்புகளில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று நேர்க் குறிப்பு. "கடலுக்கு வேறு பெயர்" என்று கேட்பார்கள். "ஆழி" என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். தெரிந்தால் தெரியும். தெரியாவிட்டால் அகராதியைப் புரட்ட வேண்டும். அதில் மூளைக்கு வேலை இல்லை. ஞாபகத்துக்குத்தான் வேலை.

இன்னொன்று மறை குறிப்பு. மேலே கேட்டேனே, அந்த மாதிரி. இதில் குறிப்பே விடையை மடியில் கட்டிக்கொண்டு நிற்கும். நம் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். ஆனால் தெரியாது. தெரிந்த பிறகு, "அடடா! இதுவா?" என்று நெற்றியில் அடித்துக்கொள்வோம்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளில் முதல் ஜாதி நிறைய வருகிறது. இரண்டாவது ஜாதி அபூர்வம். அது ஏன் வர வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசு போன கதை

எங்கள் ஊர் காரைக்கால். வீடு கோவில்பத்தில்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா நாகூரில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நாகூர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. தாத்தா காலையில் எல்லையைத் தாண்டிப் போவார். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவார். வரும்போது கையில் ஒரு பத்திரிகை இருக்கும். அதில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும்.

அந்தக் காலத்தில் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் பணம்! 1930-களிலேயே "ஆனந்த விகடன்" குறுக்கெழுத்துப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். பம்பாய், பெங்களூர் என்று பல இடங்களில் இதை ஒரு பெரிய வியாபாரமாகவே நடத்தினார்கள். ஆயிரக்கணக்கில் பரிசு. நுழைவுக் கட்டணம் சில அணாக்கள்தான். ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு அனுப்பினார்கள்.

தாத்தா அனுப்பியது எந்தப் பத்திரிகைக்கு என்பது இப்போது முக்கியம் அல்ல. ஒரு விடைத்தாளுக்கு நாலணா கட்டணம். கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? அம்மா சொல்லக் கேட்டது இது.

"மனிதனுக்கு இது இருந்தால்தான் மதிப்பு." மூன்று எழுத்து. பின் இரண்டு எழுத்தும் கொடுத்திருப்பார்கள்: "ணம்". முதல் எழுத்துதான் பாக்கி.

தாத்தா "குணம்" என்று எழுதினார்.

விடை ஏற்கெனவே ஒரு கவரில் போட்டு சீல் வைத்திருக்கும். கவரைப் பிரித்தார்கள். "பணம்" என்று இருந்தது!

என்ன நியாயம் இது? குணம் என்பதும் சரிதான். பணம் என்பதும் சரிதான். யார் தீர்மானிப்பது? சீல் வைத்த கவர்தான் தீர்மானிக்கும்.

அடுத்த தடவை தாத்தா உஷாரானார். இரண்டு விடையையும் எழுதி, இரண்டு தாளாக அனுப்பினார். ஆனால் அப்படிப்பட்ட குறிப்பு ஒன்று மட்டுமா இருக்கும்? இரண்டு குறிப்பு இருந்தால் நாலு தாள் வேண்டும். மூன்று இருந்தால் எட்டுத் தாள். பத்து இருந்தால்? 1,024 தாள்! தாளுக்கு நாலணா என்றால் 256 ரூபாய். கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். ஆனாலும் விடமுடியவில்லை. ஒரு எழுத்தில் தவறிப் போகும்போது, "அடுத்த வாரம் கிடைத்துவிடும்" என்றுதானே மனசு சொல்கிறது!

1953-ல் வீட்டில் இருந்த பசுவை விற்றார்.

பால் விற்ற காசில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. பசு போனதும் பாட்டி நடவு வேலைக்குப் போனார். கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஒன்பது வயதுப் பெண்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெண் என் அம்மா. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் "கட்டம்" என்ற வார்த்தையே ஆகாது. "கட்டம் போட்டவன் வீடு கட்ட மாட்டான்" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. 1956 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போனால் அந்தப் போட்டி நடத்தக்கூடாது. அதற்குள் என்றாலும் லைசென்சு வேண்டும். போட்டி நடத்தியவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1957 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் அதில் ஒரு பிரிவினை செய்தது. அறிவுக்கு வேலை கொடுக்கிற போட்டி வேறு. அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய போட்டி வேறு. சட்டம் இரண்டாவதற்குத்தான் என்றது. இந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம அய்யர். அவர் தமிழர். சங்கீதத்திலும் பெரிய தேர்ச்சி உள்ளவர். தாளம் தப்புகிற இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்!

காரைக்கால் 1954 நவம்பர் 1-ந் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. போட்டியும் 1956-ல் அடங்கியது. பசு மட்டும் திரும்பி வரவில்லை.

அம்மா கையில் பென்சில்

1990-ஐ ஒட்டிப் புதுவை மாநிலத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. காரைக்காலிலும் சாயங்கால வகுப்புகள் நடந்தன. அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. வேலையெல்லாம் முடித்துவிட்டு, சிலேட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு போவார். பார்த்தால் சிரிப்பார்களாம்!

ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டார். பஸ் போர்டு படிப்பார். தீப்பெட்டி மேல் இருப்பதைப் படிப்பார். ஆனால் பேப்பரைக் கொடுத்தால், "பொடி எழுத்துடா, கண்ணு வலிக்குது" என்று தள்ளிவிடுவார். படித்தது மறந்து போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நோட்டுத் தாளில் பெரிதாக ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டேன். குறிப்பு எழுதினேன். "கட்டம்" என்று சொல்லாமல், "விடுகதை" என்று சொல்லிக் கொடுத்தேன்.

முதல் குறிப்பு நேர்க் குறிப்புதான். "வானத்தில் இருப்பது" என்று எழுதியிருந்தேன். இரண்டு எழுத்து. நான் நினைத்த விடை "மதி".

அம்மா "நிலா" என்றார்.

"இல்லை" என்றேன்.

"ரவி?"

"அதுவும் இல்லை."

"பின்னே என்னதான்டா?"

"மதி அம்மா."

அம்மா பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். "நிலான்னா என்ன, மதின்னா என்ன? ரெண்டும் வானத்துலதான் இருக்கு. நீயும் ஒங்க தாத்தாவோட ஆளுங்க மாதிரி கவர்ல போட்டு சீல் வச்சிருக்கியா? இது விடுகதை இல்ல. புளுகு!"

எனக்குச் சவுக்கால் அடித்தது போல் இருந்தது. சுப்ரீம் கோர்ட்டு பக்கம் பக்கமாக எழுதியதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மறுநாள் அதே விடைக்குக் குறிப்பை மாற்றினேன். "வானத்தில் இருந்தால் வெளிச்சம், மண்டையில் இருந்தால் புத்தி." இப்போது நிலா பொருந்தாது. ரவி பொருந்தாது. மதி ஒன்றுதான் இரண்டு பக்கமும் பொருந்தும். அம்மா அரை நிமிஷம் யோசித்தார். "மதி!" என்றார். நான் தலையாட்டுவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டார். சரியா என்று கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லை!

மறை குறிப்பின் பெருமை இதுதான். கண்டுபிடித்தவருக்குத் தான் கண்டுபிடித்தது சரி என்று தெரியும். கவரைப் பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். குறிப்பு எழுதுகிறவன் ஆளைத் திசை திருப்பலாம். கண்ணைக் கட்டலாம். ஆனால் பொய் சொல்லக்கூடாது.

பிறகுதான் அந்தக் குறிப்பு வந்தது. "திரும்பிப் பார் சிவா, படி!"

அன்றைக்கு என் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காலேஜில் படித்தவர். அவரும் பார்த்தார். "சிவா என்பது யார்? சாமியா? படி என்றால் மாடிப்படியா, மரக்காலில் பாதியா?" என்று வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். "சி... வா..." பிறகு விரலை இந்தப் பக்கம் நகர்த்தினார். "வா... சி..."

நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாசி!"

சிவாவைத் திருப்பினால் வாசி. வாசி என்றால் படி. முடிந்தது!

இதில் நான் ஒன்று கவனித்தேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் வார்த்தையை முழுசாக விழுங்கிவிடுகிறான். "சிவா" என்றதும் அவனுக்கு ஆள்தான் தெரிகிறான். எழுத்துத் தெரியவில்லை. இப்போதுதான் படிக்கக் கற்றவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிகிறது. மறை குறிப்புக்கு அந்தக் கண்தான் வேண்டும். "இதெல்லாம் மெத்தப் படித்தவர்கள் விளையாட்டு" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது.

நான்கைந்து வித்தை

வாசகர்களும் கையைப் போட்டுப் பார்க்கட்டும். இதெல்லாம் எங்கள் வீட்டு நோட்டில் இருந்தவை.

"நரகம் கொஞ்சம் இடம் மாறினால் முனிசிபாலிட்டி வரும்." நாலு எழுத்து. நரகம் என்ற எழுத்துக்களையே இடம் மாற்றுங்கள். நகரம்! (இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பார் என் சிநேகிதர். மழைக்காலத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர் அவர்.)

"நாகரிகத்துக்குள் அடுப்பு எரிக்க ஒரு சாமான்." இரண்டு எழுத்து. நாகரிகம் என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நடுவே "கரி" இருக்கிறது.

"வாரத்தில் காலை எடுத்தால் சாமி கொடுப்பது." மூன்று எழுத்து. இதில் என் சிநேகிதர் நன்றாக ஏமாந்தார். காலை என்றதும் காலை, மாலை என்று பொழுது கணக்குப் பார்த்தார். அறிவொளி வகுப்பில், "வ போட்டுத் துணைக்கால் போடு" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது ஞாபகம் இருந்தது. "வா"வில் உள்ள காலை எடுத்தால் "வ". வாரம், வரம்!

"சுப காரியத்துக்குத் திரும்பி வந்த பால்காரி." இரண்டு எழுத்து.

இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுப என்பதைத் திருப்பினால் பசு. புது வீட்டுக்குக் குடி போகும்போது பசுவைத்தானே முதலில் அழைத்து வருகிறோம் என்று நினைத்து எழுதினேன்.

அம்மா விடையைக் கட்டத்தில் எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "எங்கப்பா நல்லவர்டா. கேள்வி கேட்டவன்தான் நல்லவன் இல்ல" என்றார். அவ்வளவுதான். எழுந்து உலை வைக்கப் போய்விட்டார்.

இது இரவல் சரக்கா?

"குறுக்கெழுத்து வெள்ளைக்காரன் சரக்கு. நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

கட்டம் மேல்நாட்டுச் சரக்குதான். 1913 டிசம்பர் 21-ல் அமெரிக்காவில் "நியூயார்க் வேர்ல்டு" பத்திரிகையின் ஞாயிறு மலரில் ஆர்தர் வின் என்பவர் முதல் கட்டத்தைப் போட்டார். அது வைர வடிவத்தில் இருந்தது. மறை குறிப்பை வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். லண்டன் "டைம்ஸ்" 1930-ல் குறுக்கெழுத்தை ஆரம்பித்தது. அவர்களுக்கு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. 1942-ல் "டெய்லி டெலிகிராப்" பத்திரிகை 12 நிமிஷத்துக்குள் புதிரைப் போட முடியுமா என்று ஆட்களைக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தது. நன்றாகப் போட்டவர்களில் சிலரை ராணுவம் பிறகு ரகசியமாக அழைத்தது. ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலைக்கு!

1944-ல் இன்னொரு வேடிக்கை. பிரான்சின் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள் ஜூன் 6. அதற்கு முந்தைய வாரங்களில் அதே பத்திரிகையின் குறுக்கெழுத்தில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்று விடைகள் வந்தன. எல்லாம் அந்தப் படையெடுப்பின் ரகசியப் பெயர்கள்! புதிர் போட்டவர் லியோனார்டு டா என்ற பள்ளிக்கூட வாத்தியார். ரகசியப் போலீசார் அவர் வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். அவர் ஒற்றர் அல்ல என்று விட்டுவிட்டார்கள்.

கட்டம் அவர்களுடையது. ஆனால் வித்தை? அது நம்முடையதும்தான்.

தொல்காப்பியம் "பிசி" என்று ஒரு வகையைச் சொல்கிறது. பிசி என்றால் விடுகதை. தண்டியலங்காரம் சித்திரகவிகளைச் சொல்கிறது. ஒரு சொல்லின் நெட்டெழுத்தைக் குறுக்கினால் வேறு சொல் வருவதற்கு "மாத்திரைச் சுருக்கம்" என்று பெயர். எங்கள் வாரமும் வரமும் அதுதான்! எழுத்தைக் கூட்டிக்கொண்டே போய் வேறு வேறு சொல் செய்வது "எழுத்து வருத்தனம்". ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பதும் உண்டு. நாலு பக்கமும் ஒரே மாதிரி படிக்கும்படி கட்டத்தில் எழுதும் கவிக்கு "சருப்பதோபத்திரம்" என்று பெயர். கட்டம் கூட நமக்குப் புதிது இல்லை போலிருக்கிறது!

எங்கள் கோவில்பத்தில் பார்வதீசுவரர் கோவில் இருக்கிறது. பழைய பெயர் திருத்தெளிச்சேரி. ஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடிய தலம். அதே சம்பந்தர்தான் சீர்காழியின் பேரில் "திருமாலைமாற்று" பாடியவர். முன்னாலிருந்து படித்தாலும், பின்னாலிருந்து படித்தாலும் ஒரே பாட்டு! ஒன்று அல்ல, பதினோரு பாட்டு. பிள்ளைகள் "விகடகவி" என்றும், "தேரு வருதே" என்றும் திருப்பித் திருப்பிச் சொல்லி விளையாடுகிறார்களே, அதன் பெரிய உருவம் அது.

காளமேகப் புலவரையும் விடமுடியாது. பக்கத்தில் நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் அவருக்குச் சோறு போட நேரமாகிவிட்டது. பசி! திட்டிப் பாடினார். சத்திரத்துக்காரர் காலில் விழுந்தார். புலவர் அதே பாட்டுக்கு வேறு அர்த்தம் சொன்னார். திட்டு புகழ்ச்சியாகிவிட்டது. ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. மறை குறிப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் வேறு என்ன வேண்டும்?

சங்கடங்களும் உண்டு

சந்தோஷத்தை மட்டும் சொன்னால் போதாது. தமிழில் இதைப் போடுவதும் கஷ்டம், விடுவிப்பதும் கஷ்டம்.

இங்கிலீஷில் 26 எழுத்து. நமக்கு 247. ஒரு கட்டத்தில் இங்கிலீஷ்காரன் 26 எழுத்தில் ஒன்றைத் தேடுகிறான். நாம் 247-ல் ஒன்றைத் தேடுகிறோம். அதனால் குறுக்கே வருகிற சொல்லிலிருந்து ஒரு எழுத்துக் கிடைத்தால் நமக்குப் பெரிய லாபம். ஆனால் அந்த எழுத்து "ம்" ஆக இருந்துவிட்டால்? பழம், மரம், பணம், குணம் என்று பாதித் தமிழ் "ம்" மில் முடிகிறதே! அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் ஆரம்பிக்கவும் ஆரம்பிக்காது. கட்டம் போடுகிறவனுக்கு அது ஒரு தலைவலி.

பிறகு சந்தி. "க்" வருமா, வராதா என்று எங்கள் வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. நானும் என் சிநேகிதரும் ஒரு "ப்" பன்னாவுக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல் எது தெரியுமா? ராத்திரி பூராவும் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கும். தூக்கம் வராது. மறுநாள் பேப்பரில் விடை வரும். விடை மட்டும் வரும். "ஏன்" என்று வராது! பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, எழுந்து போகச் சொன்ன மாதிரி இருக்கும்.

அதனால் பத்திரிகைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முழுக் கட்டமும் மறை குறிப்பாக வேண்டாம். பத்து நேர்க் குறிப்புக்கு நடுவே ஒன்றிரண்டு மறை குறிப்பு வையுங்கள். எது மறை குறிப்பு என்று ஒரு நட்சத்திரம் போட்டுக் காட்டுங்கள். மறுநாள் விடையோடு விளக்கமும் இரண்டு வரி போடுங்கள். பரிசு வேண்டாம். பரிசு வந்தால் கவர் வரும். கவர் வந்தால் சீல் வரும்.

இது நடக்கிற காரியம்தான். அமெரிக்காவிலிருந்து வரும் "தென்றல்" என்ற தமிழ் மாத இதழில் வாஞ்சிநாதன் என்பவர் இப்படிப்பட்ட குறுக்கெழுத்துக்களைப் போட்டிருக்கிறார். கடல் கடந்த தமிழருக்குக் கிடைத்தது, கடற்கரைத் தமிழருக்குக் கிடைக்கக்கூடாதா?

"ஜனங்களுக்குப் புரியாது" என்று பத்திரிகை ஆபீசில் யாராவது சொல்வார்கள். கதவே இல்லாத வெள்ளை வீடு எது என்று கேட்டால், முட்டை என்று சொல்லாத குழந்தை எந்தக் கிராமத்தில் இருக்கிறது? விடுகதைக்குப் பழகிய ஜனங்கள் இவர்கள். கட்டம் போட்டுக் கொடுத்தால் போதும்.

கடைசியில் அம்மாவிடம் நான் தோற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாங்கனித் திருவிழா அன்று. தெரு முழுக்கக் கூட்டம். சாமி ஊர்வலத்தில் மாம்பழம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு மாம்பழம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. பென்சிலில், கோணல் எழுத்தில், அம்மா எழுதியிருந்தார். அவராகவே போட்ட முதல் குறிப்பு:

"தலையால் நடந்தவள் ஊருக்குக் கால் உண்டு. 5."

நான் வௌவாலை நினைத்தேன். ஆணியை நினைத்தேன். கழைக்கூத்தாடியை நினைத்தேன். சாப்பிடும்போதும் யோசித்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் மாம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்தேன். கயிலாயத்துக்குக் காலால் நடக்கக்கூடாது என்று தலையால் நடந்து போன அம்மையார்! ஐந்து எழுத்து. முடிவில் கால்!

பிறந்தது முதல் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கால் இருப்பது எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வந்து விடையைச் சொன்னேன்.

"ஒரு நாள் ஆச்சா?" என்றார் அம்மா. "சரி, அடுத்தது தரவா?"